கொல்லிமலைப் பேரைச் சொல்லி...

ஆகாய கங்கைக்கு இறங்கும்போது எல்லோருமே வீரர்கள்தான். திரும்பி ஏறும்போதுதான் யார் யார் எப்படி என்று தெரியும்.

கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு அந்தப் படிகளைத் தெரிந்திருக்கும். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து அருவியின் காலடி வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நன்றாகச் செங்குத்து. நடுநடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது என் நண்பர் ஒருவர் படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஈரோட்டுப் பக்கம். ஜவுளி வியாபாரம். வயது 56. பத்து வருடமாக சர்க்கரை, கூடவே பிரஷர். இரண்டு குடும்பமாக வேன் எடுத்துக்கொண்டு போயிருந்தோம். அவர் மச்சான்தான் வண்டி ஓட்டினார். முதல் நாள் மதியமே மலை ஏறி ஒரு ரிசார்ட்டில் தங்கல். மறுநாள் காலையில் கோயில், அருவி. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது சட்டை நனைந்திருந்தது. அருவித் தண்ணீர் இல்லை, வியர்வை. நெஞ்சின் நடுவில் கை. 'கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குங்க' என்றார். அவர் மனைவி துண்டால் விசிற ஆரம்பித்தார். கூட்டம் கூடியது. நம் ஊரில் கூட்டம் கூடினால் நாலு யோசனையும் ஒரு மாத்திரையும் நிச்சயம் கிடைக்கும். கிடைத்தது. எங்களுக்குப் பின்னால் ஏறி வந்த ஒரு பெரியவர், 'நகருங்க, எங்கிட்ட சார்பிட்ரேட் இருக்கு. நாக்குக்கு அடியில வெச்சா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்' என்று சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். நல்ல மனிதர். அவருடைய நோக்கத்தில் துளி குறையில்லை.

நான் குனிந்தேன். நண்பர் என் கையைப் பிடித்து காதோரம் இழுத்தார். 'சார்... நேத்து ராத்திரி அந்த மாத்திரை ஒண்ணு போட்டேன். அதனால இருக்குமா?'

எந்த மாத்திரை என்று நான் கேட்கவில்லை. 56 வயது ஆண் இன்னொரு ஆணிடம், மனைவிக்குக் கேட்காத குரலில் 'அந்த மாத்திரை' என்றால் உலகத்தில் அது ஒன்றுதான்.

பெரியவர் கையிலிருந்து சார்பிட்ரேட்டை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். 'ஏனுங்க, குடுக்க விடுங்க! ஏன் தடுக்கறீங்க?' என்று அந்த அம்மா கத்தினார். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நிஜக் காரணத்தை அங்கே சொல்ல முடியுமா? 'அவருக்கு இது அலர்ஜிங்க' என்று ஒரு பொய்யைச் சொன்னேன். இந்தக் கட்டுரையே அந்தப் பொய்யைப் பற்றியதுதான்.

*

நான் டாக்டர் இல்லை. இது எனக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம், எனக்கே ஸ்டென்ட் வைத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்று டாக்டர் ஒரு சார்பிட்ரேட் பட்டையைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, 'இது இருக்கிற வீட்டில் வயாகரா வகை மாத்திரை இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும்' என்று சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை அவருக்கு. அந்த ஒரு நிமிடத்தை எல்லா டாக்டர்களும் எல்லா நோயாளிகளுக்கும் செலவழித்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

விஷயம் ரொம்ப எளிமையானது. நம் ரத்தக் குழாய்களை விரியச் செய்வதற்கு உடம்பே தயாரிக்கும் ஒரு வாயு இருக்கிறது. நைட்ரிக் ஆக்ஸைடு. இதைக் கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வாயு, ரத்தக் குழாய்ச் சுவரில் சி.ஜி.எம்.பி. என்ற ஒரு ரசாயனத்தைக் கூட்டுகிறது. அது கூடினால் குழாய் தளர்ந்து ரத்தம் பாய்கிறது. பாய்ந்து முடிந்ததும் அந்த ரசாயனத்தைத் துடைத்து எடுக்க பி.டி.இ-5 என்று ஒரு துப்புரவுத் தொழிலாளி உண்டு. சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மாத்திரைகள் செய்வதெல்லாம் அந்தத் தொழிலாளிக்குக் கொஞ்ச நேரம் லீவு கொடுப்பது மட்டும்தான். ரத்தம் வந்த இடத்தில் நிற்கிறது. அவ்வளவுதான் வித்தை.

சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகள் என்ன செய்கின்றன? அதே நைட்ரிக் ஆக்ஸைடை உடம்பு முழுக்க வாரி இறைக்கின்றன. குழாயைத் திறந்துவிடுவது ஒருவர், மூடுகிறவருக்கு லீவு கொடுப்பது இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்கு வந்தால் உடம்பிலுள்ள எல்லாக் குழாயும் திறந்துகொண்டு பிரஷர் சரிகிறது. ஏற்கெனவே அடைப்பு இருக்கிற இதயத்துக்கு ரத்தமே போகாது. மூளைக்கும்தான்.

(நைட்ரோகிளிசரினை டைனமைட்டாக்கிக் காசு சம்பாதித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, கடைசிக் காலத்தில் நெஞ்சு வலிக்கு அதே நைட்ரோகிளிசரினைத்தான் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். விதி எப்படியெல்லாம் ஜோக் அடிக்கிறது பாருங்கள்.)

சில்டெனாஃபில் சாப்பிட்டிருந்தால் 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் பக்கம் போகக் கூடாது. என் நண்பர் போட்டது டடாலாஃபில் 20 மில்லி கிராம். 'வீக் எண்ட் மாத்திரை' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்களே, அது. 36 மணி நேரம் வரை வேலை செய்யும் என்பதுதான் அதன் பெருமை. படியில் உட்கார்ந்தபோது அவர் அதைப் போட்டு 13 மணி நேரம்தான் ஆகியிருந்தது. பெரியவரின் மாத்திரை உள்ளே போயிருந்தால்? போன இடம் சித்தர் மலை. 70 கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் காரவள்ளி. அதற்கப்புறம் நாமக்கல்லோ ராசிபுரமோ. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே கடை வைத்திருக்கும் மலையாளி பழங்குடிப் பையன்கள் நாலு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, மாற்றி மாற்றித் தோள் கொடுத்து மேலே தூக்கி வந்தார்கள். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. மச்சான் வண்டியை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது.

கீழே ஒரு ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் இளம் பெண் டாக்டர். ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டே கேட்டார்: 'சர்க்கரை, பிரஷர் மாத்திரை தவிர வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?' பக்கத்தில் மனைவி. அந்தப் பக்கம் மச்சான். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு, 'ஒண்ணும் இல்லீங்க' என்றார்.

உயிர் போகிற நேரத்தில்கூட உண்மை வரவில்லை! மானம் பெரிதாம்.

நான்தான் டாக்டரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பெண் முகத்தில் ஒரு சிரிப்பு, ஒரு சுளிப்பு, எதுவும் இல்லை. மூன்றே கேள்வி. என்ன மாத்திரை, எத்தனை மில்லி கிராம், எத்தனை மணிக்கு. நர்ஸைக் கூப்பிட்டு, 'இவருக்கு நைட்ரோகிளிசரின் வேண்டாம்' என்று கேஸ் ஷீட்டில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். அப்புறம் வேறு வழியில் வைத்தியம் பார்த்தார். பிழைத்துக்கொண்டார்.

*

இனி யாரைத் திட்டுவது?

முதலில் மெடிக்கல் ஷாப். என் நண்பர் இந்த மாத்திரையைச் சொந்த ஊரில் வாங்கவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே! வேறொரு ஊரின் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடை. சீட்டு கேட்கவில்லை. வயது கேட்கவில்லை. இதயம் எப்படி என்று கேட்கவில்லை. கடைப் பையன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: 'பத்தாங்கண்ணா, இருபதாங்கண்ணா?' இவர் இருபது என்றார். பெரிய நம்பர் நல்ல நம்பர்தானே!

இது ஷெட்யூல் ஹெச் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. சிவப்புக் கோடு வேறு போட்டிருக்கிறது. அதை யாருக்காக அச்சடிக்கிறார்கள் என்றுதான் புரியவில்லை. பிரிட்டனில் 2018 முதல் சில்டெனாஃபில் 50 மில்லி கிராமை டாக்டர் சீட்டில்லாமல் வாங்கலாம். ஆனால் அங்கே பார்மசிஸ்ட் உட்கார வைத்து, நெஞ்சு வலி உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று விசாரித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். அங்கே சீட்டு இல்லை, கேள்வி உண்டு. இங்கே சட்டப்படி சீட்டு கட்டாயம். நடைமுறையில் சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை.

அடுத்தது அவருடைய சர்க்கரை டாக்டர். பத்து வருடமாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார். காலைக் காட்டு, கண்ணைக் காட்டு, கிட்னி டெஸ்ட் எடு என்கிறார். எல்லாம் சரி. சர்க்கரை எந்தெந்த ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? விறைப்புக் கோளாறு சர்க்கரைக்காரர்களுக்கு வெகு சகஜம் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா? 'வீட்டுல எல்லாம் சரியா இருக்கா?' என்று அந்தப் பத்து வருடத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாமே. பிரஷருக்குக் கொடுக்கிற சில பழைய மாத்திரைகளே இந்தக் கோளாறைக் கொண்டுவரும். அது தெரிந்த ஆண்கள் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்வதில்லை. ரகசியமாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாதம் வந்த பிறகு குடும்பத்துக்கு ஆச்சரியம், 'ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டுட்டுத்தானே இருந்தாரு' என்று.

என் நண்பருக்கு இந்தப் பிரச்னை ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இதைக் கேட்டுத்தான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. ஏன் தெரியுமா? ஆண்குறிக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றிரண்டு மில்லி மீட்டர் அகலம்தான். இதயத்தின் குழாய் மூன்று, நாலு மில்லி மீட்டர். கொழுப்பு படிய ஆரம்பித்தால் சின்னக் குழாய்தானே முதலில் அடைக்கும்? அதனால்தான் பலருக்கு இந்தக் கோளாறு வந்து இரண்டு மூன்று வருடம் கழித்து மாரடைப்பு வருகிறது. உடம்பு முன்கூட்டியே போடுகிற தபால் அது. என் நண்பருக்கு மூன்று வருடம் முன்பே தபால் வந்துவிட்டது. பிரிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆஞ்சியோ எடுத்தபோது இரண்டு அடைப்பு.

டாக்டர்கள் ஒரு கணக்கு சொல்கிறார்கள். நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ இல்லாமல் சுறுசுறுப்பாக இரண்டு மாடி ஏற முடிந்தால் பொதுவாகத் தாம்பத்தியத்துக்கு இதயம் தாங்கும். முடியாவிட்டால் முதலில் இதயத்தைப் பரிசோதனை செய், மாத்திரை அப்புறம். என் நண்பர் அந்தப் பரீட்சையை இரண்டு மாடிக்குப் பதில் ஆகாய கங்கைப் படியில் எழுதிவிட்டார்.

*

இப்போது கொல்லிமலைக்கு வருகிறேன். என் கோபத்தில் பாதிக்கு மேல் இங்கேதான்.

படி இறங்குவதற்கு முன்னால், கோயில் பக்கம் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஐந்து நிமிடம் காணாமல் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டலம். மிளகு என்றார். மிளகு இல்லை. வெளியூரிலிருந்து மூட்டை கட்டி வந்து தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒருவரிடம் வாங்கிய பொடி. 'கொல்லிமலை சித்தர் மூலிகை. 100 சதவிகிதம் இயற்கை. பக்க விளைவு இல்லை' என்று லேபிள். ஆங்கில மாத்திரை போட்டால் தலைவலி வருகிறதாம், அதனால் இனி மூலிகைக்கு மாறிவிடலாம் என்று முடிவாம். இரண்டையும் சேர்த்தே போட்டால் இன்னும் விசேஷம் என்று விற்றவர் ஆலோசனை வேறு சொன்னாராம்.

அந்த லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை. லைசென்ஸ் நம்பர் இல்லை. பேட்ச் நம்பர் இல்லை. என்ன மூலிகை, எவ்வளவு என்று இல்லை. ஒரு சித்தர் படமும் ஒரு குதிரைப் படமும் மட்டும் இருந்தன.

கொல்லிமலைக்கு எத்தனையோ பெருமை உண்டு. வல்வில் ஓரி ஆண்ட மலை. மிளகு, காபி, பலா, வாழை. சாமையும் தினையும் விளைவித்த மலையாளி மக்கள். முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் வைத்து, களைத்து வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். ஆட்டுக்கால் சூப் மாதிரியே இருக்கும். மருந்துச் செடிகளும் நிஜமாகவே இருக்கின்றன. இத்தனையையும் விட்டுவிட்டு, சமவெளியில் உட்கார்ந்திருக்கிற மோசடிக்காரர்கள் எடுத்துக்கொண்டது மலையின் பெயரை மட்டும்தான். மலைப்பக்கம் தலை வைத்துப் படுக்காதவன் தயாரித்த லேகியமெல்லாம் 'கொல்லிமலை லேகியம்'. இரவு பதினோரு மணிக்கு டி.வி-யில் வந்து, 'இளமையில் செய்த தவறால்...' என்று ஆரம்பித்து பதினெட்டு வயதுப் பையன்களை நடுங்க வைத்தவர்களும் முதல் வாக்கியத்திலேயே சித்தர் குகைக்குப் போய்விடுவார்கள். மாதம் ஒரு தேதி, ஊருக்கு ஒரு லாட்ஜ், ரூம் நம்பர் இத்தனை. இரண்டாயிரங்களில் இந்த விளம்பரம் இல்லாத பேப்பர் எது? பத்திரிகைக்காரர்களான எங்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

அந்த மலையில் கொல்லிப்பாவை என்று ஒரு தெய்வம். அழகாகச் சிரித்து மயக்கி, நம்பி வருகிறவனைக் கொன்றுவிடும் என்பது கதை. லேபிளில் சித்தர் படத்தைவிட அந்தப் பாவையின் படம் போட்டால் பொருத்தமாக இருக்கும்.

'என்ன சார், மூலிகைதானே, என்ன பெரிசா ஆயிடப் போகுது?' என்பீர்கள். பிரச்னையே, அது மூலிகை மட்டுமா என்பதுதான். இந்த வகைப் பொடிகளில், மாத்திரைகளில் சொல்லாமல் கொள்ளாமல் சில்டெனாஃபிலையே அரைத்துக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. வருடக்கணக்காகக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறது. 'இயற்கை' என்று நம்பி, சார்பிட்ரேட் சாப்பிடுகிற இதய நோயாளி அதை வாங்கினால் என்ன ஆகும்? படியில் நடந்திருக்க வேண்டியது படுக்கையறையில் நடக்கும்.

சிங்கப்பூரில் 2008-ல் நடந்தது இதைவிடக் கொடுமை. ஜனவரி முதல் மே மாதத்துக்குள், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிப்போய் அரசு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால், கள்ளத்தனமாக விற்ற 'வீரிய' மருந்துகளில் கிளிபென்கிளமைடு, அதாவது சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை, ஏராளமாகக் கலந்திருந்தது. 4 பேர் செத்துப்போனார்கள். 7 பேர் கோமாவுக்குப் போனார்கள். அந்த மருந்துகளில் மூலிகை என்று விற்றவையும் இருந்தன. பெரிய கம்பெனி மாத்திரையின் போலியும் இருந்தது. கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன சிங்கப்பூரில் இந்தக் கதி.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1954-லேயே போட்டுவிட்டார்கள். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் ஆட்சேபகர விளம்பரச் சட்டம். ஆண்மை, வீரியம், சிற்றின்ப சக்தி என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே குற்றம். அலோபதி, சித்தா, ஆயுர்வேதம் என்ற பேதமே கிடையாது. முதல் தடவை ஆறு மாதம் வரை ஜெயில் கொடுக்கலாம், மறுபடியும் செய்தால் ஒரு வருடம் வரை. சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. விளம்பரம் இளமையோடு இருக்கிறது.

சித்த வைத்தியத்தை நான் திட்டுவதாகக் கோபித்துக்கொண்டு கடிதம் எழுத வேண்டாம். தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கி, பதிவு செய்துகொண்ட சித்த மருத்துவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். அவர்களில் யாரும் தார்ப்பாய் விரிப்பதில்லை. அவர்கள் கொடுக்கிற மருந்தில் லைசென்ஸ் நம்பர் இருக்கும். அவர்களிடம் போனாலும், நெஞ்சுக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

*

எல்லாவற்றுக்கும் மேலே நம் வார்த்தையே தப்பு. 'ஆண்மைக் குறைவு.' கிட்னி கெட்டவரை மனிதத்தன்மை குறைந்தவர் என்கிறோமா? கண்ணில் புரை விழுந்தால் பார்வைக் கோழை என்கிறோமா? ஒரு ரத்தக் குழாய்ச் சமாசாரத்துக்கு ஆண்மை என்று பெயர் வைத்தால் எவன் வாயைத் திறப்பான்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் நடத்தி 1994-ல் வெளியிட்ட ஆய்வில், 40 முதல் 70 வயதுக்குள் இருந்த ஆண்களில் 52 சதவிகிதம் பேருக்குக் கொஞ்சமாகவோ அதிகமாகவோ இந்தப் பிரச்னை இருந்தது. பாதிக்கு மேல்! விஜய் டி.வி-யில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நடத்தியபோது, குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு வால்யூமைக் குறைத்துப் பார்த்த தலைமுறை நாம். இன்னும் வால்யூமைக் கூட்டவில்லை.

இந்த மாத்திரைகள் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததிலிருந்து கோடிக்கணக்கானவர்கள் பத்திரமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். முதலில் நெஞ்சு வலிக்காகத்தான் ஆராய்ந்தார்கள். இப்போது நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்தத்துக்கும் இதே சில்டெனாஃபிலைக் கொடுக்கிறார்கள். நல்ல மருந்துதான். மருந்து என்பதை மறந்து மிட்டாய் மாதிரி வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள். சார்பிட்ரேட், மோனோட்ரேட், நைட்ரோகான்டின், நிகோரான் என்று எது உங்கள் டப்பாவில் இருந்தாலும், நாக்கடியில் அடிக்கிற ஸ்பிரே இருந்தாலும் இந்த மாத்திரை உங்களுக்குக் கிடையாது. பேச்சே இல்லை. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள், படர்தாமரைக்குப் பூஞ்சை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும், டோஸ் மாறும். டாக்டர் சின்ன டோஸில் ஆரம்பித்தால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். வேலை செய்யவில்லை என்று ஒரே ராத்திரியில் இன்னொன்று போடக் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். சில்டெனாஃபில் என்றால் வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தாமதமாகத்தான் ஏறும். குவார்ட்டரோடு சேர்த்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், காரியமும் கெடும். மாத்திரை ஆசையை உண்டாக்காது. ஆசை இருந்தால் உடம்பு ஒத்துழைக்க உதவும், அவ்வளவே. தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு வந்து போகும். ஆனால் விறைப்பு நாலு மணி நேரம் தாண்டி இறங்காமல் இருந்தாலோ, திடீரென்று பார்வையோ காதோ மங்கினாலோ வெட்கப்பட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நெஞ்சு வலி வந்தால் 108-ல் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: 'இந்த மாத்திரை, இத்தனை மணிக்கு.' அவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை.

இருபத்தைந்து வயதில், ஒரு குறையும் இல்லாமல், நண்பர்களிடம் பெருமையடிக்க இதைப் போடுகிற தம்பிகளே, உங்களுக்கு வேறொரு வாரம் தனியாக இருக்கிறது.

'குடும்பப் பத்திரிகையில் இதெல்லாம் எழுதலாமா?' என்று கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு தகவல். அந்தப் படியில் உட்கார்ந்தவர் குடும்பஸ்தர்தான். முதல் நாள் ராத்திரி பக்கத்தில் இருந்தது அவர் மனைவிதான்.

அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கேஸ் ஷீட்டைப் பார்த்து, ஏன் நைட்ரோகிளிசரின் வேண்டாம் என்று எழுதியிருக்கிறது என்று நர்ஸைக் கேட்டிருக்கிறார். போன வாரம் போன் செய்தார். ஸ்டென்ட் வைத்தாயிற்று, தினமும் நடக்கிறார், அடுத்த மாதம் டிரெட்மில் டெஸ்ட் இருக்கிறது, அது முடிந்த பிறகு இந்த மாத்திரை கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கலாம் என்று இதய டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்:

'மூணு வருசமா எம் பக்கத்துலயே வரமாட்டாருங்க. எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க.'